சாக்லேட் தீர்ந்துபோச்சு, பெட்டி தீரலையே!



போன தீபாவளி முடிஞ்ச மறுநாள், கோயில் பின்பக்கம் குப்பை பிரிக்கும்போது எங்களுக்கு மனசு கனத்துப் போச்சு. உபயதாரர்கள் அன்போடு தொண்டூழியர்களுக்குக் கொடுத்த விலை உயர்ந்த சாக்லேட் பெட்டிகள். ஒரு பெட்டியில் பன்னிரண்டே சாக்லேட். அதைச் சுற்றி தடித்த அட்டை, பிளாஸ்டிக் தட்டு, ஸ்பான்ச், ரிப்பன், மூடியில் காந்தம்!

கொடுத்தவங்களைக் குறை சொல்லல. நாங்களே பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவங்கதான். அந்தப் பெட்டிதான் எங்க வீட்டுக்கும் சோறு போடுது. அதனாலதான் சொல்றோம்.

பெட்டியே வேணாம்னு சொல்ல முடியாது. சாக்லேட் பக்கத்து வாசனையை இழுத்துக்கும். ஈரம் பட்டா வெள்ளை பூக்கும். பழைய தாளில் செய்த அட்டை நேரா சாக்லேட்டைத் தொட்டா அச்சு மையோட எண்ணெய் ஏறலாம். நடுவுல எண்ணெய் ஊடுருவாத தடுப்பு வேணும். ஆனா காந்தம் எதுக்கு? அது சாக்லேட்டைக் காப்பாத்தல, நம்ம கௌரவத்தைத்தான் காப்பாத்துது.

தப்பு, பிரிக்க முடியாம ஒட்டுறதுலதான் இருக்கு. தாள் ஆலையில் அட்டையைத் தண்ணியில் கரைச்சுக் கூழாக்குவாங்க. பளபளப்புக்கு மேலே ஒட்டின பிளாஸ்டிக் படலம் கரையாது. அதுக்குப் பதிலா வாட்டர் பேஸ் வார்னிஷ் அடிக்கலாம். காந்தத்துக்குப் பதிலா செருகுற மூடி. பிளாஸ்டிக் தட்டுக்குப் பதிலா அட்டைத் தடுப்பு. அழகு குறையாது, நாங்க செஞ்சு பார்த்திருக்கோம்.

"மக்கும் பிளாஸ்டிக்" என்று எழுதியிருந்தாலும் ஏமாற வேண்டாம். சிங்கப்பூரில் நாம போடுற குப்பை மண்ணுக்குப் போறதில்ல, எரிஉலைக்குப் போகுது. சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகுது. 1999-இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிடும்னு அரசாங்கமே சொல்லுது. வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு இப்படிப்பட்ட பொட்டலக் கழிவுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ ஆர்டர் கொடுக்கும் முன்னாடி கடைக்காரரிடம் மூணே கேள்வி கேளுங்க. பெட்டி முழுக்க அட்டைதானா? மேலே பிளாஸ்டிக் படலம் இருக்கா? காந்தம், ஸ்பான்ச் இல்லாம கிடைக்குமா? ஒருத்தர் கேட்டா சிரிப்பாங்க. ஐம்பது குடும்பம் கேட்டா தொழிற்சாலைக்கு வர்ற ஆர்டரே மாறும். அப்பவும் பெட்டி வேணும், எங்க வேலையும் இருக்கும்.

சன்னதியில் விபூதியைச் சின்னத் தாளில் மடிச்சுத் தர்றோம். ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒத்திக்கிறீங்க. பெட்டி எங்கேன்னு இதுவரை ஒருத்தரும் கேட்டதில்ல!

அம்பாள் அருள் எல்லாருக்கும் கிடைக்கட்டும்.