மூச்சுக்கும் தவணையா?

நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்கும் நிலையங்களில் பெரும்பாலானவை, தம் புகையிலுள்ள கந்தக வாயுவை நீக்கும் சாதனங்களை இனி அமைக்க வேண்டியதில்லை என்று இந்திய சர்க்கார் 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அறிவித்தது. இது யந்திர நிபுணர்களும் கணக்கர்களும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று நம்மவரில் பலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பெரும் பிசகு. ஜனங்களின் மூச்சைப் பற்றிய விஷயம் ஜனங்களுடைய விஷயமே. அதை அவர்கள் கேளாதிருக்கையில் முடிவு செய்வது எந்தச் சர்க்காருக்கும் அழகன்று.

இவ்விவகாரத்தின் பூர்வ வரலாற்றைச் சற்று கவனிப்போம். 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் இதே சர்க்கார்தான் அனல் மின்சார நிலையங்களின் புகைக்கு வரம்பு கட்டி விதிகள் பிறப்பித்தது. இரண்டு வருஷத்திற்குள் சகல நிலையங்களும் அவ்விதிகளுக்கு உட்பட வேண்டும் என்பது உத்தரவு. 2017-ம் வருஷம் வந்தது. கெடு 2022 வரையில் நீட்டப்பட்டது. 2021-ல் நிலையங்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து, மீண்டும் தவணை கொடுத்தார்கள். 2022-ல் மறுபடியும் ஒரு தவணை. 2024 டிசம்பரில் இன்னும் ஒன்று. இவ்வாறு நான்கு முறை நீண்ட கெடு, ஐந்தாம் முறை பெரும்பாலான நிலையங்களுக்கு அடியோடு எடுபட்டுப் போயிற்று. மின்சாரக் கட்டணத்தைக் குறித்த நாளில் கட்டத் தவறிய ஏழையின் வீட்டில் விளக்கு அணைந்துவிடுகிறது. அம்மின்சாரத்தை விற்பவருக்கு மாத்திரம் பத்து வருஷத் தவணை! இது என்ன நியாயம் என்று நாம் கேட்கிறோம்.

புதிய அறிவிப்பின்படி நிலையங்கள் மூன்று வகுப்பாக நிற்கின்றன. தலைநகர்ப் பிரதேசத்திற்கோ, பத்து லட்சத்திற்கு மேல் ஜனத்தொகையுள்ள நகரங்களுக்கோ பத்து கிலோமீட்டர் தூரத்திற்குள் இருப்பவை முதல் வகுப்பு. இவை 2027-ம் வருஷ முடிவுக்குள் சாதனத்தை அமைத்தாக வேண்டும். காற்று மிகவும் கெட்டுப்போன பிரதேசங்களுக்கு அருகிலுள்ளவை இரண்டாம் வகுப்பு. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து தீர்மானிப்பார்களாம். எஞ்சியவை மூன்றாம் வகுப்பு. நிலையங்களில் நூற்றுக்கு 78 பங்கு இதில்தான் அடங்கும். புகைபோக்கி போதிய உயரம் இருந்தால் இவற்றுக்கு விலக்கு உண்டு.

இதன் பொருள் என்ன? பெருநகரத்தானுடைய சுவாசப்பைக்கு ஒரு சட்டம். கிராமத்தானுடைய சுவாசப்பைக்கு வேறொரு சட்டம். நிலையத்திற்காக நிலத்தைக் கொடுத்தவன் கிராமத்தான். சாம்பல் படிந்த வயலில் உழுகிறவனும் அவனே. அவன் ஊரில் பத்து லட்சம் பேர் இல்லை என்பதற்காக அவனுக்குச் சுத்தமான காற்று வேண்டியதில்லை என்று சொல்வது, பிரஜைகள் யாவரும் சமம் என்ற நமது அரசியல் சாசனத்தின் அடிப்படைக்கே விரோதமானது. சுத்தமான நீரையும் காற்றையும் பெறுவது உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ம் வருஷத்திலேயே கூறியிருக்கிறது. அவ்வுரிமைக்கு ஊரின் ஜனத்தொகையை அது அளவுகோலாக வைக்கவில்லை.

சர்க்கார் தரப்பில் கூறப்படும் காரணங்களையும் ஆராய்வதே முறை. நமது நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கிறார்கள். அது மெய்யே. ஆயினும் குறைந்த கந்தகமுள்ள கரியை மலை மலையாக எரித்தால் வெளிவரும் வாயுவும் மலையளவாகத்தானே இருக்கும்? உலகத்தில் இவ்வாயுவை மிக அதிகமாக வெளியிடும் தேசம் நமது தேசம் என்னும் கீர்த்தி நமக்கு இவ்வாறே வந்து சேர்ந்தது. சீனா இத்தகைய சாதனங்களைக் கட்டாயப்படுத்தி, 2007-க்குப் பின் பத்து வருஷத்தில் தன் கந்தகப் புகையைப் பெரும்பகுதி குறைத்துக்கொண்டது.

ஊர்களில் அளந்து பார்த்தால் கந்தக வாயு வரம்புக்குள்தானே இருக்கிறது என்பது இரண்டாவது வாதம். இதில்தான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. கந்தக வாயு ஆகாயத்தில் வெகு நாள் வாயுவாக இருப்பதில்லை. வெயிலாலும் ஈரத்தாலும் மாறுதலடைந்து, சல்பேட் என்னும் நுண்ணிய தூளாகி, காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்கிறது. வாயுவை மாத்திரம் அளந்து குற்றமில்லை என்பது, வேஷம் மாற்றிக்கொண்டு போன திருடனைப் பழைய அங்க அடையாளத்தைக் கொண்டு தேடுவதற்கு ஒப்பாகும். புகைபோக்கியின் உயரமும் இத்தகையதே. உயர்ந்த புகைபோக்கி விஷத்தை அழிப்பதில்லை; அண்டை வீட்டில் விழ வேண்டியதை அடுத்த ஜில்லாவில் கொண்டுபோய்ப் போடுகிறது.

அந்த நுண்தூள் செய்யும் தீங்கு கொஞ்சமன்று. இரண்டரை மைக்ரான் அளவுக்கு உட்பட்ட தூளானது தலைமயிரின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கே இருக்கும். மூக்கும் தொண்டையும் அதைத் தடுக்கமாட்டா. சுவாசப்பையின் கடைசி அறை வரையில் சென்று, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. காசம், இழுப்பு மாத்திரமல்ல. மாரடைப்பு, பக்கவாதம், சுவாசப்பைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும், எடை குறைந்து குழந்தை பிறப்பதற்கும் இது காரணமாகிறது. வெளிக்காற்றின் அசுத்தம் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2013-ல் தீர்மானித்தது. வெளிப்புகையாலும் அடுப்புப் புகையாலும் உலகில் வருஷந்தோறும் சுமார் 70 லட்சம் பேர் அகால மரணமடைகிறார்கள் என்பது அந்த ஸ்தாபனத்தின் கணக்கு. ஒரு கனமீட்டர் காற்றில் நுண்தூள் வருஷ சராசரியில் 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று அது 2021-ல் கூறிற்று. 2009-ல் நமது சர்க்கார் வகுத்த வரம்போ 40. எட்டு மடங்கு தாராளமான அவ்வரம்பையும் மீறிய நகரங்கள் நம் தேசத்தில் அநேகம்.

லண்டன் நகரத்தார் 1952-ம் வருஷம் டிசம்பரில் பட்ட பாட்டை நமது சர்க்கார் நினைவுகூர வேண்டும். நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து ஐந்து நாள் நகரத்தை மூடின. நாலாயிரம் பேர் மாண்டதாக அக்காலத்தில் மதிப்பிட்டார்கள். பன்னிரண்டாயிரம் வரையில் இருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கணித்தார்கள். பிந்திய மரணங்களுக்கு இன்ப்ளூயன்ஸா ஜுரமே காரணம் என்று அங்குள்ள அதிகாரிகளும் முதலில் சாதித்தார்கள். ஆயினும் ஜனங்கள் விடவில்லை. 1956-ல் சுத்தமான காற்றுக்கென்று சட்டம் பிறந்தது.

நம் தேசத்திலும் உதாரணம் இல்லாமற் போகவில்லை. டில்லியின் பஸ்கள் யாவும் டீஸலை விட்டு இயற்கை வாயுவில் ஓட வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1998-ல் கெடு விதித்தது. முடியாது என்றவர் பலர். கோர்ட்டு பிடிவாதமாக நின்றது. 2002 முடிவதற்குள் மாறுதல் நிறைவேறிற்று. அதன்பின் வேறு காரணங்களால் டில்லியின் காற்று மீண்டும் கெட்டது உண்மை. ஆயினும் கெடுவைக் கெடுவாகக் காப்பாற்றினால் காரியம் நடக்கும் என்பதற்கு அது அழியாத சாட்சி.

சர்க்கார் விழிக்கும் வரையில் ஜனங்கள் தற்காப்புச் செய்துகொள்ள வேண்டும். காற்றின் தரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினந்தோறும் எண்ணால் தெரிவிக்கிறது. அது 200-ஐத் தாண்டிய நாட்களில் முதியோரும், குழந்தைகளும், கர்ப்பிணிகளும், இருதய நோயாளரும் வெளியில் உழைப்பதையும் ஓடியாடுவதையும் குறைக்க வேண்டும். பனிக்கால விடியற்பொழுதில் புகை தரையோடு படிந்து நிற்குமாதலால், அப்போது உலாவப் போவது நன்மையைவிடத் தீமையே தரும். கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. முகத்தோடு நன்றாகப் பொருந்தும் என்-95 முகமூடியே பயன்படும். விறகு அடுப்புள்ள வீட்டார் எரிவாயு அடுப்புக்கு மாறுவது, வேறெதையும்விடப் பெண்களுக்கும் சிசுக்களுக்கும் ரக்ஷை.

நாமே மூட்டும் தீயையும் நாம் அணைக்க வேண்டும். 2018-ம் வருஷப் போகியன்று சென்னையில் எழுந்த புகையால் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பின. டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது எந்தச் சாஸ்திரத்தில் சொல்லியிருக்கிறது? தெருக் குப்பைக்கு நெருப்பு வைப்பவன் தன் குழந்தையின் தொட்டிலுக்குப் புகை போடுகிறான்.

ஆயினும் முகமூடியும் ஜன்னற் கதவும் மழைக்குப் பிடிக்கும் குடை போன்றவையே. தூள் வடிகட்டும் யந்திரத்தைப் பணக்காரன் வாங்கித் தன் அறையில் வைத்துக்கொள்வான். மூட்டை சுமப்பவனுக்கும், சாலையில் கல் உடைப்பவனுக்கும் யார் வாங்கித் தருவது? காற்றைக் கூறு போட்டுத் தனியுடைமையாக்க முடியாது. எல்லார்க்கும் சுத்தமாக்கினாலன்றி ஒருவர்க்கும் அது முழுதும் சுத்தமாகாது.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை: மூன்றாம் வகுப்புக்கு அளித்த விலக்கை ரத்து செய்ய வேண்டும். 2027-ம் வருஷக் கெடுவே கடைசிக் கெடு என்று சர்க்கார் பகிரங்கமாக உறுதி கூற வேண்டும். தவறும் நிலையத்திற்கு, கட்டி முடிப்பதைவிடக் கட்டாதிருப்பதே அதிகச் செலவாகும்படி அபராதம் விதிக்க வேண்டும். ஒவ்வொரு புகைபோக்கியின் அளவையும் ஊர்ப் பஞ்சாயத்து வாயிலில் ஜனங்களுடைய பாஷையில் எழுதி வைக்க வேண்டும்.

எண்ணூரிலும் மேட்டூரிலும் நெய்வேலியிலும் தூத்துக்குடியிலும் இத்தகைய புகைபோக்கிகளின் நிழலில் வாழும் தமிழர் பலர். அவ்வூர்களில் ஊழியம் புரியும் நண்பர்கள் இவ்விதிகளைப் படித்து, கிராம சபைகளில் எடுத்துரைத்து, தீர்மானங்கள் நிறைவேற்றி அனுப்ப வேண்டும். தேர்தலில் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரையும், ‘எங்கள் ஊர் எந்த வகுப்பில் இருக்கிறது? ஏன்?’ என்று கேட்க வேண்டும். பத்து வருஷம் தவணை கேட்டவர்கள் நாமும் பத்து வருஷம் மௌனமாயிருந்ததால்தான் கேட்டார்கள். அம்மௌனம் இன்றோடு தீரட்டும்.