மலை குளிருதுன்னு ஆம்ப்ளிஃபையர் குளிராது



போன ஆடித் திருவிழா மூன்றாம் நாள் உபயத்தப்போ நாதஸ்வரம் நடுவுல கரகரத்து, கருகின வாடை வந்து, சத்தம் நின்னு போனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். "வீட்டுல செஞ்சது அப்படித்தான். அடுத்த வருஷம் கடையில வாங்கிடுவோம்" என்று சிலர் இன்னும் சொல்றாங்க. அதனாலதான் இதை எழுதுகிறோம்.

அதைச் செஞ்சது நம்ம பிள்ளைங்க. கோலாலம்பூர் பாசார் ரோட்டுல சாமான் வாங்கி வந்து, ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து செஞ்சாங்க. திறந்து பார்த்தோம், வேலையில குறை இல்லை. 5200, 1943 டிரான்சிஸ்டர்கள் சூட்டுல வெந்து ஷார்ட் ஆகி, டிசி மின்சாரம் நேரா ஸ்பீக்கருக்குப் போய் காயிலைக் கருக்கிடுச்சு. பெட்டியை மர அலமாரிக்குள்ள வச்சு, பனி படக்கூடாதுன்னு துணி போர்த்தினது நாங்கதான். பிள்ளைங்க காத்தாடி கேட்டப்போ, "கேமரன்மலையில எதுக்குப்பா காத்தாடி?" என்று சிரிச்சதும் நாங்கதான்.

இத்தனைக்கும் தேயிலை ஆலையில டிரையர் பக்கத்துல வெப்பமானியைப் பார்த்தே தலை நரைச்சவங்க நாங்க. வெளியே 16 டிகிரியா இருந்தாலும் டிரையருக்குள்ள போற காத்து 100 டிகிரிக்குப் பக்கம். வெளியேதான் குளிருதேன்னு பார்க்காம விட்டா தூள் கருகிடும். அந்தப் புத்தி கோயில் வாசல்ல செருப்போட கழன்டுடுச்சு போல.

முழுச் சத்தம் வச்சாத்தான் சூடு ஏறும்னும் நினைச்சிருந்தோம். அது தப்பு. இந்த வகை ஆம்ப்ளிஃபையர்ல நடுத்தர சத்தத்துலதான் டிரான்சிஸ்டர் அதிகம் சூடாகும். பேச்சுன்னா இடையில மூச்சு விட நேரம் உண்டு. நாதஸ்வரம் விடாம இழுக்கும்.

சரி, காத்தாடியை எப்பவும் ஓட விட்டா என்ன என்று கேட்கிறாங்க. கீழே ஈப்போவுல ஓட்டலாம். இங்கே சாயங்காலமானா மூடுபனி மண்டபத்துக்குள்ளேயே வருது. ஓடுற காத்தாடி அந்த ஈரத்தையும் கற்பூரக் கரியையும் சாம்பிராணிப் பிசுக்கையும் சேர்த்து உள்ளே இழுக்கும். இதெல்லாம் போர்டுல படிஞ்சா மின்கசிவுதான். பெட்டி லேசா சூடா இருக்கிறதே ஈரத்துக்கு நல்லது. ஆகவே காத்தாடி தேவைப்படும்போது மட்டும் ஓடணும். அதை நாம முடிவு செய்யக்கூடாது, சூடு முடிவு செய்யணும்.

அதுக்குப் பெரிய செலவு இல்லை. 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர்னு மிளகு அளவுல ஒரு சாமான். சூடு ஏற ஏற அதோட மின்தடை குறையும். அதை வச்சு 12 வோல்ட் கம்ப்யூட்டர் காத்தாடி 45 டிகிரியில மெதுவா சுத்த ஆரம்பிச்சு, 60-ல முழு வேகம் பிடிக்கும்படி பிள்ளைங்க அமைச்சிருக்காங்க. தெர்மிஸ்டரை ஹீட்சிங்க்ல டிரான்சிஸ்டரை ஒட்டி பேஸ்ட் தடவி இறுக்கணும். பெட்டிக்குள்ள சும்மா தொங்கினா பொய்க் கணக்கு சொல்லும்.

காத்தாடியும் ஒருநாள் நின்னு போகும். அதனால 75 டிகிரியில மின்சாரத்தைத் தானா துண்டிக்கிற வெப்ப சுவிட்ச் ஒன்னு தனியா வேணும். காத்தாடி சர்க்கியூட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்கக்கூடாது. அந்த டிரான்சிஸ்டர் உள்ளே 150 டிகிரி வரைதான் தாங்கும். ஹீட்சிங்க்ல 75 காட்டினா உள்ளே அதைவிட ரொம்ப மேலே இருக்கும். இது 230 வோல்ட் பக்கம் கை வைக்கிற வேலை, வயர்மேன் கிட்ட கொடுத்தாச்சு.

கடைப் பெட்டி வேணும்னு சொல்ற அண்ணன்மாருக்கு ஒன்னு: அதையும் துணி போர்த்தி அலமாரியில பூட்டினா இதே கதிதான். உபயக்காரர் கொடுத்த வெள்ளி ரெண்டாம் தடவையும் புகையாகும்.

பழைய பெட்டியே திரும்ப வருது. முன்பக்கம் சின்னத் திரையில டிகிரி தெரியும். சாமி கும்பிட வரும்போது அதையும் ஒரு பார்வை பாருங்க. 70 தாண்டியிருந்தா பக்கத்துல நிக்கிற தொண்டர்கிட்ட சொல்லுங்க. மேல துணி கிடந்தா யாரையும் கேட்காம எடுத்துடுங்க.