பனியைப் பொறுத்து நிற்கும் மூங்கில்

கடல் கடந்து வாழும் பிள்ளையோ பேரரோ இல்லாத தமிழ்க் குடும்பத்தை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்று காண்பது அரிது. ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வீடு வாங்கியதும், கொல்லைப்புறத்தில் ஊரை நினைவூட்டும் செடியொன்றை நட அவர்கள் மனம் அவாவுகின்றது. கறிவேப்பிலையைச் சாடியில் வைத்துக் குளிர்காலத்தில் வீட்டினுள்ளே காப்பாற்றிவிடலாம். மூங்கிலோ நிலத்தில் நின்று பனியை ஏற்கவேண்டியது. எது பனியைத் தாங்கும் என்று அறிந்து நடுதலே அறிவுடைமையாம்.

மூங்கில் மரமன்று, புல்லினம். புறத்தே வைரமுடையதைப் புல் என்றும், அகத்தே வைரமுடையதை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். இக்காலத் தாவரவியலும் மூங்கிலைப் புற்குடும்பத்திலேயே சேர்க்கின்றது.

இப்புல்லில் வெப்ப நாட்டுக் குலம், குளிர் நாட்டுக் குலம் என இரண்டு உண்டு. பேராதனைப் பூங்காவில் மகாவலிக் கரையோரம் 100 அடி அளவுக்கு ஓங்கி நிற்கும் இராட்சத மூங்கில் முதற் குலத்தது. மழைக்காலத்தில் அதன் முளை ஒரே நாளில் ஓரடி வளர்வதும் உண்டு. நம் வீட்டு வாசல்களில் நிற்கும் மஞ்சள் மூங்கிலும் அக்குலமே. கனடாவின் கடும்பனியில் இவை பிழையா.

ஆயினும் நம் நாட்டிலேயே மற்றைக் குலத்தாரும் உளர். ஏறக்குறைய 7000 அடி உயரத்திலுள்ள ஹோட்டன் சமவெளியில், தை மாசியில் சில விடியற்பொழுதுகளில் புல்நுனிகள் உறைபனியால் வெளுத்திருக்கும். அங்கே ஓடைக்கரைகளில் அடர்ந்திருக்கும் குறுமூங்கில், சீனத்து மலைகளிலும் யப்பானிலும் பனியில் நிற்கும் மூங்கில்களுக்கு உறவாகும். அதனையும் அதன் இனத்தாரையும் 2014ஆம் ஆண்டில் தாவரவியலார் ‘குருணா’ என்னும் தனிச் சாதியாக வகுத்தனர்.

குளிர் நாட்டு மூங்கிலின் ஆண்டொழுங்கு வியப்புக்குரியது. இளவேனிலில் முளை புறப்பட்டுச் சில வாரங்களிலேயே தன் முழு உயரத்தை எட்டிவிடும். அதன்பின் அத்தண்டு உயர்வதுமில்லை, பருப்பதுமில்லை. இலையுதிர் காலத்தில் மேலே யாதொரு மாற்றமும் தோன்றாது. நிலத்தின் கீழோ வேர்த்தண்டுக்கிழங்கு பரவி, அடுத்த ஆண்டு முளைகளுக்கு உணவைச் சேமிக்கும். அப்பொழுது தழைச்சத்து உரமிட்டால் இளந்தளிர் எழுந்து முதற்பனியிலேயே கருகும். ஆதலின் அக்காலத்தில் உரம் வேண்டா, நீரே வேண்டும்.

குளிர்காலத்தில் மூங்கிலைக் கொல்வது பெரும்பாலும் தாகமே. மண் உறைந்தபின் வேர் நீரை உறிஞ்சமாட்டாது. இலைகளோ வறண்ட காற்றிலும் வெயிலிலும் நீரை இழந்தவண்ணம் இருக்கும். இலைகள் சுருண்டுகொள்வது அவ்விழப்பைக் குறைப்பதற்காம். எனவே நிலம் உறையுமுன் ஆழ நனையுமாறு நீர் பாய்ச்சுக. அடியில் நாலு விரற்கடைக்குக் குறையாமல் சருகு பரப்புக. மூங்கில் தானே உதிர்த்த சருகைக் கூட்டி எறிதல் தவறு. அதிலுள்ள சிலிக்கா மீண்டும் அதற்கே உணவாகும். வாடைக்காற்றுப் படாத இடம் நன்று. பனி படிந்து வளைந்த தண்டை வலிந்து நிமிர்த்தாது, மெல்ல உலுக்கிவிட்டாற் போதும். சாடியிலுள்ள மூங்கிலுக்கு நாற்புறமும் குளிர் ஏறுமாதலால் அதன் சாடியைப் போர்த்துக் காக்கவேண்டும்.

‘பார்கீசியா’ என்னும் சீனத்து மலை மூங்கிலின் சில வகைகள், பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிரையும் தாங்கும், குத்தாகவே நிற்கும். ‘பைலோஸ்டாக்கிஸ்’ இனமோ நிலத்தடியில் ஓடி அடுத்த வளவிலே தலைகாட்டும். யாழ்ப்பாணத்து வேலிச்சண்டையை ரொறன்ரோவுக்கும் கொண்டுசெல்ல வேண்டுமா? அதனை நடுவோர் முதலிலேயே இரண்டடிக்குக் குறையாத ஆழத்தில் தடுப்புப் புதைத்தல் நலம். இங்கிருந்து துண்டு வெட்டிப் பயணப்பெட்டியில் அனுப்புவதும் வேண்டா. அந்நாடுகளின் தாவரத் தடுப்புச் சட்டம் அதற்கு இடந்தராது. அங்குள்ள நாற்றுப்பண்ணையில் வாங்கி இளவேனிலில் நடுவதே முறை.

பங்குனியில் இலையெல்லாம் பழுத்துத் தீய்ந்திருப்பதைக் கண்டு ‘பட்டுவிட்டது’ என்று தோண்டியெறிவோர் பலர். இலை தீய்ந்தாலும் தண்டில் பசுமையிருந்தால் கணுக்களின் மொட்டுக்கள் உயிரோடிருத்தல் கூடும். தண்டே பட்டாலும் கிழங்கிலிருந்து புதுமுளை எழலாம். வைகாசி வரை பொறுத்திருப்போருக்கே அவ்வுண்மை தெரியவரும்.

சீனரும் யப்பானியரும் பைன், பிளம், மூங்கில் மூன்றையும் குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள் எனப் போற்றுவர். வகுப்பறையில் நாம் காணும் மாணவருள்ளும் இம்மூங்கில் போன்றோர் உளர். ஒரு தவணை முழுதும் புள்ளி உயராது. பெற்றோர் நம்பிக்கை இழப்பர். உள்ளே வேர் ஓடிக்கொண்டிருப்பதை எந்தத் தேர்ச்சி அறிக்கையும் காட்டுவதில்லை. அத்தகைய பிள்ளையைக் கடிந்து பிடுங்காது, நீரூற்றிக் காத்திருப்பது நம் கடனாகும்.