விலக்களித்துவிட்டால் கடமை தீர்ந்ததா?

“செவிடன் காதில் ஊதிய சங்கு” என்றும், “ஊமை கண்ட கனவு” என்றும் தமிழில் இரு தொடர்கள் வழங்குகின்றன. அவற்றைக் கற்பிக்காத தமிழாசிரியர் அரியர். முன்னது பயனற்ற செயலைக் குறிக்கும். பின்னது வெளியிடவொண்ணாத எண்ணத்தைக் குறிக்கும். பொருளெழுதி, வாக்கியத்தில் அமைத்துக் காட்டியதும் பாடம் அடுத்த தொடருக்குச் சென்றுவிடும். அத்தொடர்களில் வரும் செவிடனும் ஊமையும் தமிழ் வீட்டுப் பிள்ளைகளாகவும் இருக்கக்கூடும், தாயின் கைப்பிடித்துத் தேக்கா சந்தைக்கு வந்து போகக்கூடும் என்று எந்த வகுப்பில் எண்ணப்படுகிறது?

பேசாமை பெரும்பாலும் தனியொரு குறையன்று. கேளாமையின் விளைவே அது. காதின்வழி மொழி புகாதபோது, வேறு வழியில் மொழியைத் தராத பெரியோர்களே குழந்தையை ஊமையாக்குகின்றனர். ஆதலின் ஊமை என்னும் சொல் குழந்தையைக் காட்டிலும் அதனைச் சூழ்ந்தோர்க்கே மிகுதியும் பொருந்தும்.

சிங்கப்பூரில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கல்வியே இல்லையென்று கூறுதல் பொய்யாகும். ஷாங்ஹாயிலிருந்து வந்தவரும், தாமே செவிப்புலன் அற்றவருமாகிய பெங் ட்சு யிங் 1954ஆம் ஆண்டில் இங்குச் சைகைமொழிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். அஃது முதலில் சீனம் கற்பித்தது. அடுத்த ஆண்டில் செவிப்புலனற்றோர் சங்கம் தோன்றியது. சங்கத்தின் வாய்மொழிப் பள்ளியும் பெங்கின் சைகைப் பள்ளியும் 1963இல் ஒன்றாகிச் சிங்கப்பூர்ச் செவிப்புலனற்றோர் பள்ளி ஆயின. கனோசியக் கன்னியர் நிறுவிய பள்ளி வாய்மொழி முறையைக் கைக்கொண்டது. பின்னர் 1970களில் ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் முறை வந்து வேரூன்றியது. பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் செவிச் சோதனை செய்யும் ஏற்பாடு 2002 முதல் பரவியது. உட்செவிக் கருவிகளும் பெருகின. மாணவர் தொகை குறையவே, 2017இல் அப்பழைய பள்ளி மூடப்பெற்றது. மறு ஆண்டு முதல், சைகையைச் சார்ந்து கற்கும் சிறார்க்கு மேஃபிளவர் தொடக்கப்பள்ளி இடமளித்தது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தபோது சிறப்புத் தேவையுடைய பிள்ளைகள் அதன் எல்லைக்குப் புறத்தே நின்றனர். 2019இல் அவர்களும் உள்ளடக்கப்பட்டனர்.

பாராட்டத்தக்க வரலாறே. சீனத்தில் தொடங்கி ஆங்கிலத்தில் வளர்ந்த இவ்வரலாற்றில் தமிழின் பங்கு யாது? செவித்திறன் குறைந்த மாணவர் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குப் பெறலாம் என்னும் விதியே இங்குத் தமிழைத் தொடும் இடம். விலக்குக் கேட்பவரும் கருணையாலேயே கேட்கின்றனர்; அளிப்பவரும் கருணையாலேயே அளிக்கின்றனர். தமிழாசிரியரோ, “பாவம், அந்தப் பிள்ளைக்கு எதற்கு இந்தச் சுமை?” என்று கூறி அமைகின்றார். ஆங்கிலமும் கணக்கும் அறிவியலும் அப்பிள்ளைக்குச் சுமையாகத் தோன்றவில்லை. தமிழ் ஒன்றே சுமையாகத் தோன்றுகிறது! தம் பாடத்தை இறக்கி வைக்கத்தக்க பொதியாகத் தமிழாசிரியரே கருதுவாராயின், பிறர் அதனை எங்ஙனம் போற்றுவர்?

கடல் கடந்து நெல்லைச் சீமையை நோக்குக. பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் என்னும் ஆங்கில மாது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கேளாதோர்க்குப் பள்ளி கண்டார். அவர் பெயரால் அஃது இன்றும் நிலவுகிறது. சிற்றூர்ப் பிள்ளைகள் அங்குத் தமிழ் எழுத்தைக் கண்ணால் கற்றனர். தமிழ்நாட்டுப் பொதுத்தேர்விலும் செவித்திறன் குறைந்தோர்க்கு ஒரு மொழித்தாளில் விலக்குண்டு. ஆயின் அங்கு ஆங்கிலத்தை விடுத்துத் தமிழை வைத்துக்கொள்ளலாம். ஈழத்தில் யாழ்ப்பாணத்துக் கைதடியிலும் இத்தகைய பள்ளி உண்டு. சிற்றூர்களில் இன்னும் பள்ளியையே காணாத பிள்ளைகள் இருத்தல் கூடும். அவலம் அங்குப் பெரிது. எனினும் பள்ளியை அடைந்த பிள்ளை தமிழை அடைகிறது. ஈண்டோ, எல்லா வசதியும் பெற்ற பிள்ளை தமிழைப் பெறுவதில்லை.

“இங்குப் பல வீடுகளில் ஆங்கிலமே புழங்குகிறது, பின் எதற்குத் தமிழ்?” என்பர் சிலர். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியரில் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 27 விழுக்காட்டினரே என்பது மெய். ஆங்கிலமே பேசும் வீடு தமிழ் வேண்டாமென்றால் அவ்வீட்டின் விருப்பம் அது. தமிழே அறிந்த பாட்டி உள்ள வீட்டின் நிலை என்ன? பேரப்பிள்ளை கையால் ஆங்கிலம் உரைக்கிறது. பாட்டி வாயால் தமிழ் உரைக்கிறாள். இருவர்க்கும் இடையே ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டவும் பொதுவெழுத்து இல்லை. “சாப்பிட்டாயா?” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் நிகழாமலே அவ்வுறவு முடிந்து போகிறது. வீட்டில் ஒரே மொழியைப் பேசுக என்று இத்தகைய பெற்றோர்க்கு அறிவுறுத்தும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. அந்த ஒரு மொழி எதுவென்பதைச் சொல்லத் தேவையில்லை.

செவியில்லாமல் தமிழ் வருமா என்பது அடுத்த ஐயம். எழுத்தை வள்ளுவர் கண்ணுக்கு ஒப்பிட்டாரேயன்றிக் காதுக்கு ஒப்பிடவில்லை. தொல்காப்பியர் உயிர்களை வகைப்படுத்துமிடத்துச் செவியை ஐந்தாம் அறிவாகவும், மனத்தை ஆறாம் அறிவாகவும் வைத்தார். ஐந்தாவது குறைந்தமையால் ஆறாவதும் குறைந்ததெனக் கருத இலக்கணம் இடந்தரவில்லை.

உதட்டசைவைப் பார்த்து மட்டும் தமிழை அறிதல் கடினமே. “பணம்” என்பதும் “மணம்” என்பதும் உதட்டில் ஒன்றுபோலவே தோன்றும். லகர ளகர ழகர வேறுபாடோ வாய்க்குள் நாவின் நிலையால் அமைவது, பார்ப்பவர்க்குப் புலனாகாது. ஆனால் தாளில் அவை மூன்றும் மூன்று வடிவங்கள். காது கேட்கும் மாணவர் “பள்ளி”யைப் “பல்லி” என்றெழுதி ஆசிரியரை வருத்துவது ஒலிமயக்கத்தால் அன்றோ? கண்ணால் கற்கும் பிள்ளைக்கு அம்மயக்கம் நேர வழியே இல்லை. பேச்சுத்தமிழ் வேறு, எழுத்துத்தமிழ் வேறு என்னும் இடர்ப்பாடும் அப்பிள்ளைக்கு இல்லை. அது முதலிற் காண்பதே எழுத்துத்தமிழ்தான்.

கையால் எழுத்தைக் காட்டுவதும் அரிதன்று. 247 எழுத்துகளுக்கும் 247 முத்திரைகள் வேண்டுமென்று அஞ்சுதல் வீண். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விரல்வடிவங்கள் போதும். மெய்யைக் காட்டி உயிரைக் காட்டினால் உயிர்மெய் பிறந்துவிடும். எழுத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சிந்தித்த இலக்கணம் கையிருக்க, கருவியில்லை என்று சொல்லுதல் தமிழாசிரியர்க்கு அழகன்று.

கேளாதோர் கல்வியில் கேட்போர் செய்த முடிவுகள் பிழைத்ததுண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வியாளர், பெரும்பாலும் காது கேட்போர், சைகையை வகுப்பறையிலிருந்து விலக்கத் தீர்மானித்தனர். சைகைமொழியும் இலக்கணமுடைய மொழியே என்று வில்லியம் ஸ்டோக்கி 1960இல் காட்டினார். மிலான் தீர்மானத்திற்கு வருத்தம் தெரிவிக்க 2010இல் வான்கூவர் மாநாடு வரவேண்டியதாயிற்று. அன்று நன்மையென்று கருதியே சைகை விலக்கப்பட்டது. இங்குத் தமிழும் நன்மையென்று கருதியே விலக்கப்படுகிறது.

தமிழ்மொழி விழா ஆண்டுதோறும் ஏப்ரலில் நடைபெறுகிறது. சொற்போர், பேச்சு, பாட்டு என அதன் பெரும்பகுதி செவிக்கு விருந்தே. தமிழ்த் தேர்விலும் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் மதிப்பெண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. கேளாத பிள்ளை அங்கேயே தடுக்கி விழும். அதற்காகப் பாடம் முழுவதையும் எடுத்துவிடுதல், கால் நொந்தவனுக்குச் செருப்பை மாற்றாமல் பயணத்தையே நிறுத்துவது போலாகும். விரும்பும் வீட்டுப் பிள்ளைக்குப் படித்தலும் எழுதுதலும் மட்டும் கொண்ட தமிழ்த்தாள் ஒன்று அமைக்கலாம். சைகையறிந்த ஆசிரியரோடு ஒரு தமிழாசிரியர் வாரத்தில் இரு மணி நேரம் அமரலாம். பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. கேளாத மாணவர் பயிலும் பீட்டி உயர்நிலைப்பள்ளி தோ பாயோவில் இருக்கிறது. பெயரில் ஒன்றாய் நிற்கும் அவ்விரண்டிற்கும் இடையே சில கல் தொலைவுதான். அதனைக் கடந்து சென்று முதற்பாடம் நடத்த முன்வரும் தமிழாசிரியர் எவர்?