ஒரு டாலர்க் கடிகாரம்

1895இல் ‘ஸ்ப்ரே’ என்ற பாய்மரப் படகில் தனியாளாக உலகைச் சுற்றக் கிளம்பிய ஜோஷுவா ஸ்லோகமிடம் கடற்பயணத்துக்கான துல்லியக் கடிகாரமான ஒரு பழைய குரோனோமீட்டர் இருந்தது. பழுதுபார்க்க 15 டாலர் ஆகும் என்றார்கள். மனிதருக்கு மனம் வரவில்லை. யார்மத் துறைமுகத்தில் ஒன்றரை டாலர்த் தகரக் கடிகாரத்தை, முகப்பு உடைந்திருந்ததால், ஒரு டாலருக்கு வாங்கிக்கொண்டார். போகப்போக அதன் நிமிட முள்ளும் கழன்றுபோனது.

கடலில் இது விளையாட்டல்ல. கடிகாரம் நான்கு நிமிடம் பிசகினால் தீர்க்கரேகை ஒரு பாகை தவறும். நிலநடுக்கோட்டருகே அது 60 கடல் மைல். அதனால்தான் 1831இல் புறப்பட்ட ‘பீகிள்’ கப்பல் 22 குரோனோமீட்டர்களைச் சுமந்தது. அவற்றைப் பராமரிக்கவே கேப்டன் பிட்ஸ்ராய் தன் கைக்காசில் ஓர் ஆளை அமர்த்தியிருந்தார்.

ஸ்லோகம் பசிபிக்கில் மார்க்கேசஸ் தீவுகளை நெருங்கியபோது கடிகாரத்தை நம்பாமல், வானில் நிலவின் இருப்பிடத்தை அளந்து தீர்க்கரேகைக்குக் கணக்குப் போட்டார். ஓடிய வேகத்தையும் திசையையும் வைத்து அவர் போட்டிருந்த உத்தேசக் கணக்குக்கும் இந்த விடைக்கும் பல நூறு மைல் வித்தியாசம். மறுபடி அளந்தும் அதே கதை. பிறகு அச்சிட்ட வாய்பாட்டையே சந்தேகித்துப் புரட்டினால், பிழை அதில் இருந்தது! திருத்தியதும் இரண்டு கணக்கும் ஐந்து மைலுக்குள் ஒத்துப்போயின. பீகிளின் 22 கடிகாரங்களும் ஒன்றையொன்று சரிபார்க்கும்தான். ஆனால் வாய்பாட்டின் பிழையை இன்னொரு கடிகாரமா பிடிக்கும்?

இன்றைய படகில் சார்ட்பிளாட்டர், டேப்லெட், கைபேசி, கையடக்க ஜிபிஎஸ் என்று பார்வைக்கு நாலு ஸ்டெப்னி. நாலும் நம்புவது அதே செயற்கைக்கோள்களை. பெரும்பாலும் அதே வரைபடத் தரவை. மின்சாரமோ பெரும்பாலும் ஒரே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து. மின்னல் பாய்மரத்தில் இறங்கினால் எல்லாம் ஒரே நொடியில் போகலாம். இடி முழங்கும்போது கையடக்க ஜிபிஎஸ்ஸைச் சமையல் ஓவனுக்குள் வைத்து மூடுவது மாலுமிகளின் வழக்கம். உலோகப் பெட்டி காப்பாற்றும் என்ற நம்பிக்கை.

ஆனால் 2014 நவம்பர் 29 இரவு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே, எந்தக் கருவியும் பழுதாகவில்லை. வால்வோ ஓஷன் ரேஸ் பந்தயத்தில் ஓடிய ‘டீம் வெஸ்டாஸ் விண்ட்’ படகு கார்காடோஸ் காராஜோஸ் பவளத்திட்டில் முழுவேகத்தில் ஏறியது. மின்வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தபோது திட்டு தெரியவில்லை, பெரிதாக்கியிருந்தால் தெரிந்திருக்கும். ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் அல்லர் அவர்கள். ஆழம் இருப்பதாகத் திரை சொல்லியிருந்தது. ஒன்பது பேரும் உயிர் தப்பினார்கள்.

பழமைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 2018 கோல்டன் குளோப் படகுப் பந்தயத்தில் கோணம் அளக்கும் செக்ஸ்டன்டும் காகித வரைபடமும்தான் வழிகாட்டி. ஜிபிஎஸ் ஆபத்துக்கென்று முத்திரையிட்ட பெட்டிக்குள் இருந்தது. தென் இந்தியப் பெருங்கடலில் பாய்மரம் முறிந்து, முதுகு உடைந்து கிடந்த போட்டியாளர் அபிலாஷ் டோமியைத் தேடி வந்தவர்களுக்கு இடத்தைக் காட்டியது செயற்கைக்கோள்தான்.

காகிதத்துக்கும் எமன் உண்டு. செயின்ட் ஹெலினாவில் ஸ்லோகமுக்கு ஓர் ஆட்டை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அது அவருடைய மேற்கிந்தியத் தீவுகளின் வரைபடத்தைத் தின்றுவிட்டது. அடுத்த துறையான அசென்ஷன் தீவில் ஆட்டைக் கரையிறக்கிவிட்டு, வரைபடம் இல்லாமலே மேற்கிந்தியத் தீவுகளை நோக்கிப் பாய் விரித்தார்.