சுரங்கத்தில் இறங்கிய அறிவியல் வீட்டு வாசலுக்கும் வரட்டும்

கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 1965-ம் ஆண்டு இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோ துகளின் தடயத்தைக் கண்டறிந்தனர். அவ்வளவு ஆழத்துக்கு இறங்க முடிந்த அறிவியல், அந்த ஊர்ப் பெண்களின் வீட்டு வாசலுக்கு வர வேண்டாமா?

கருப்பைவாய்ப் புற்றுநோயால் 2022-ல் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் உயிரிழந்ததாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. இந்நோய்க்கு எச்.பி.வி. வைரஸே காரணம் என்று நிறுவிய ஹரால்ட் சூர் ஹௌசென் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பரிசோதனையை ஒருமுறை செய்தாலே இந்நோயால் நேரும் மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறையும் என்பதை மகாராஷ்டிர மாநிலம் உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு 2009-ல் உணர்த்தியது. ஆயினும், 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 2 பேர்கூட இந்நோய்க்கான பரிசோதனை செய்துகொண்டதில்லை என்பது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு தரும் தகவல்.

2016-ல் மத்திய அரசு வகுத்த நெறிமுறை, அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்க்கும் முறையையே ஏற்றது. மரபணுப் பரிசோதனையே சிறந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. இதற்கான மாதிரியைப் பெண்களே தனிமையில் எடுத்துத் தரலாம். கூச்சத்தால் மருத்துவமனைக்கு வரத் தயங்குவோருக்கு இதைவிட நல்ல வழி வேறில்லை.

செலவு அதிகம் என்ற வாதமும் இனி வலுவிழக்கும். உள்நாட்டிலேயே தயாரான எச்.பி.வி. பரிசோதனைக் கருவிகள் ஆய்வில் தேறியதாக 2025 ஏப்ரலில் மத்திய அரசே அறிவித்தது.

கோலார் தங்க வயலில் இதன் தேவை அதிகம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டதும் தொழிலாளரின் வேலை போயிற்று. நிறுவன மருத்துவமனையும் செயலிழந்தது. தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுகின்றனர். ஒருநாள் கூலியை இழந்து, நோயின் அறிகுறியே இல்லாத நிலையில் பரிசோதனைக்காக எந்தப் பெண் பெங்களூர் செல்வார்?

சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்று தில்லி ஒதுங்கிவிட முடியாது. சுரங்கத்தை நடத்தியது மத்திய அரசு நிறுவனம். அத்தொழிலாளர் குடும்பங்களுக்கான கடமை சுரங்கத்துடன் மூடப்பட்டுவிடவில்லை. அதேபோல, பரிசோதித்துவிட்டுச் சிகிச்சைக்கு அலையவிடுவதும் நியாயமாகாது. நோய்க்கு முந்தைய மாற்றங்களை அகற்றும் வசதி உள்ளூரிலேயே அமைய வேண்டும். சினைப்பைப் புற்றுநோயாளிகளுக்கு பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். அம்மரபணுவின் பழுது தாயிடமிருந்து மகளுக்குச் செல்ல 50 சதவீத வாய்ப்புண்டு.

கோலார் தங்க வயலை முன்னோடித் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்குமாறு கோலார் உறுப்பினர் மட்டுமன்றி, தமிழக உறுப்பினர்களும் நாடாளுமன்றத்தில் வலியுறுத்த வேண்டும்.