கொப்பரை வார்த்தவர்கள் சித்தியர்களே

குதிரை வளர்த்த நாடோடிகளான சித்தியர்களுக்குப் பெரிய வெண்கலக் கொப்பரைகளை வார்க்கத் தெரியாது, கிரேக்கப் பட்டறைகளில்தான் வாங்கியிருப்பார்கள் என்ற வாதத்தை ஏற்கவே முடியாது. கூம்புக் காலும் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் கைப்பிடிகளும் கொண்ட இந்த வடிவம், கருங்கடற்கரையிலிருந்து சைபீரியாவின் மினுசின்ஸ்க் வரை கிடைக்கிறது. மினுசின்ஸ்கில் எந்தக் கிரேக்கக் குடியேற்றம் இருந்தது? பல கொப்பரைகளின் மேல், வார்த்தபோது அச்சுத் துண்டுகள் சேர்ந்த வரம்பு இன்றும் தெரிகிறது. சித்தியர்களின் தங்க நகைகளில் கிரேக்கக் கைவண்ணம் உண்டு, மறுக்கவில்லை. அதைக் கொப்பரைக்கும் நீட்டுவது குதிரை வளர்த்தவர்கள் மீதான பழைய இளக்காரம். கிரேக்க வரலாற்றாசிரியரான எரோடோட்டசே, அரியந்தஸ் என்ற சித்திய அரசன் குடிமக்களிடம் ஆளுக்கொரு அம்புமுனை வாங்கி, 600 ஆம்போரா (கிரேக்கச் சாடி) கொள்ளும் வெண்கலக் கொப்பரை செய்ததாக எழுதுகிறார். அளவு மிகையாக இருக்கலாம். செய்தவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை.